புதன்கிழமை மூன்றாம் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள்

வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

"1, 2, 3 வகுப்புகளில் அதிகக் கூச்சல். மாணவர்கள் இருக்கையில் இல்லை. நாடகம், ஆட்டம் முதலியவற்றை ஆண்டுவிழாவுக்கு வைத்துக்கொண்டு, வாசிப்பு மற்றும் எழுத்துப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கவும். வெளிநபர்களை வகுப்பறைக்குள் அனுமதிக்கக் கூடாது."

எங்கள் பள்ளியின் பார்வையாளர் பதிவேட்டில் நீங்கள் எழுதிவிட்டுப் போன வரிகள் இவை. எழுதி ஐந்து வாரம் ஆகிறது. அதுவரை புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் பிள்ளைகள் நடித்து நடித்து வாசிக்கப் பழகினார்கள். அன்றிலிருந்து அதே நேரத்தில் பயிற்சி நூலில் எழுத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கூச்சல் நின்றுவிட்டது. அந்த மட்டில் உங்கள் உத்தரவு வெற்றிதான்.

நீங்கள் குறிப்பிட்ட வெளிநபர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். அதே பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகவும் கடைசி ஆறு ஆண்டுகள் தலைமையாசிரியையாகவும் இருந்து 2023 மே மாதம் ஓய்வு பெற்றவள். இன்னொருவர் நாற்பது ஆண்டுகளாகத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடம், அதாவது ராஜா பேசுவதைச் சபைக்குப் பேச்சுத் தமிழில் வேடிக்கையாக எடுத்துச் சொல்லும் வேடம், கட்டியவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இப்போது அந்த வகுப்பை நடத்தும் ஆசிரியை இந்த மடலை எழுத முடியாது. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு இனி யாரும் மெமோ கொடுக்க முடியாது, அதனால் நான் எழுதுகிறேன். அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்தேன். ஒருமுறை நீங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள். மறுமுறை, மனுவாகக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். எந்த ஒன்றியம், எந்தப் பள்ளி என்று இதில் சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

ஒரு சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த வகுப்பில் இருக்கையே கிடையாது. சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசுத் திட்டமான எண்ணும் எழுத்தும் வந்ததிலிருந்து மூன்று வகுப்புப் பிள்ளைகளும் பாயில் வட்டமாகத்தான் உட்காருகிறார்கள்.

சரி, நீங்கள் வாசலில் நின்ற ஏழெட்டு நிமிடத்தில் பார்த்தது என்ன? மூன்று பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி தலைக்கு மேல் கையை வளைத்து வைத்திருந்தாள். ஒருவன் காலை நீட்டிக்கொண்டிருந்தான். சண்டை என்று நினைத்திருப்பீர்கள். சண்டைதான். அந்த மூவரும் சேர்ந்து 'கொ' என்ற எழுத்து. நடுவில் நின்றவன் 'க'. கையை வளைத்தவள் ஒற்றைக்கொம்பு. காலை நீட்டியவன் துணைக்கால். கொம்பு முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்பதுதான் தகராறு.

தமிழ் எழுத்து ஆறு வயதுப் பிள்ளையைத் திணறடிக்கும் இடம் இது. 247 எழுத்து என்றதும் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த எண்ணால் பயமில்லை. 12 உயிரும் 18 மெய்யும் குறிகளும் பிடிபட்டுவிட்டால் மீதி வந்துவிடும். சிக்கல் குறிகளில்தான் இருக்கிறது. கா, கி, கீ எல்லாம் ஒழுங்காக வரும். கெ, கே, கை என்று வரும்போது குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. கொ, கோவில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் ஒரு வரிசையில் போக, வாய் வேறு வரிசையில் போக வேண்டும். 'கெ'யைப் பார்த்து 'எக' என்று படித்த பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். பத்து முறை எழுத வைத்தால் பத்து முறையும் அழகாக எழுதுவார்கள், பதினோராவது முறை 'எக' என்றே படிப்பார்கள். கொம்பாக நின்ற அந்தப் பெண்தான் சொன்னாள்: "நான் முன்னாடி நிக்கிறேன் மிஸ், ஆனா என் சத்தம் அவனுக்குப் பின்னாடி வருது." அதை அவள் சொல்வதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

அப்புறம் ஒற்றைக்கொம்பு உட்கார்ந்துகொள்ள, இரட்டைக்கொம்பு எழுந்து வரும். 'கொடு' 'கோடு' ஆகிவிடும். கொடு என்றால் கையில் இருப்பதை நீட்ட வேண்டும். கோடு என்றால் சாக்பீஸால் தரையில் இழுக்க வேண்டும். எடு, ஏடு. பல், பால். தொடு, தோடு. தப்பாகப் படித்தவன் தப்பாக நடிப்பான், உடனே இருபத்தைந்து பேரும் கத்துவார்கள். பதிவேட்டில் நீங்கள் எழுதிய கூச்சல் அதுதான். குறில் நெடில் தெரிந்த பிள்ளைகளின் கூச்சல்.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்ற கல்வியாண்டில் இரண்டாம் வகுப்பில் இருந்தான். எந்தப் பாடத்தைக் காட்டினாலும் கணீரென்று வாசிப்பான். வந்து பார்த்தவர்கள் அவனை 'மலர்' நிலை, அதாவது எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மேல்நிலை, என்று குறித்துவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அவன் அக்கா நான்காம் வகுப்பு. வீட்டில் தம்பியின் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டுவாளாம். முழுப் புத்தகமும் அவனுக்குக் காதில் ஏறியிருந்தது.

நாங்கள் ஓலை விளையாட்டு என்று ஒன்று விளையாடுவோம். ராஜா உட்கார்ந்திருப்பார். தூதன் ஓலை கொண்டு வருவான். ராஜா அதைப் பிரித்துச் சபைக்கு வாசிக்க வேண்டும், சபை அதன்படி நடிக்க வேண்டும். ஓலையில் இருப்பதை அன்று காலையில் நான் எழுதியிருப்பேன், வேறு யாருக்கும் தெரியாது. ஒருநாள் இவன் ராஜா. ஓலையில் 'ஆட்டைக் காணோம், தேடுங்கள்' என்று எழுதியிருந்தேன். அவன் கம்பீரமாக விரித்து, "அனைவரும் நலம்!" என்று அடித்துவிட்டான். தூதன் எட்டிப் பார்த்து, "டேய், அதுல ஆடுன்னு எழுதியிருக்குடா" என்றான். சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடமாக என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவன் உண்மையில் 'அரும்பு', அடிநிலை. மறுநாள் எட்டரை மணிக்கே வந்து என் பக்கத்தில் நின்றான். "இன்னிக்கு ஓலைல இன்னா மிஸ் எழுதப் போற?" என்று கேட்டான். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது ஓலையைத் தானே வாசித்தான், திக்கித் திக்கித்தான், ஆனால் உண்மையாக வாசித்தான். எந்த மதிப்பீட்டுத் தாளும் எனக்குக் காட்டாததை ஒரு துண்டுக் காகிதமும் ஒரு அட்டைக் கிரீடமும் காட்டின.

கூத்துக்காரர் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பகுதி கூத்து மண். புரிசை போன்ற ஊர்கள் கூத்தால் பெயர் வாங்கிய பக்கம். இங்கே பிள்ளைகள் அம்மா மடியில் தூங்கிக்கொண்டே பாரதக் கூத்து பார்த்தவர்கள். ராஜா பேசுவது ஒரு தமிழ், கட்டியங்காரன் பேசுவது இன்னொரு தமிழ் என்பது பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். நம் பாடப் புத்தகத்தின் பெரிய தடையும் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. பிள்ளை எழுத்துக் கூட்டிச் சரியாக உச்சரித்துவிடும். அது தினமும் தன் வாயில் புழங்கும் சொல்தான் என்று பொறி தட்டாது. வாய் வாசிக்கும், மனசு வெளியே நிற்கும்.

கூத்தில் அந்தத் தடையைத் தாண்டிவிடவே ஓர் ஆள் இருக்கிறான். பெரியவர் வந்த முதல் நாள், ராஜா வேடத்துப் பிள்ளை புத்தகத்தைப் பார்த்து, "காகம் நீர் அருந்த விரும்பியது" என்று வாசித்தாள். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சபையைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றாங்க மகாராணி? காக்காவுக்குத் தண்ணி வேணுமாமா? ஏன், அதுங்க வூட்டுல கொழாய்ல வரலியா? யாரு வூட்டுக் காக்கா அது?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பதில் தேடிப் புத்தகத்தை மறுபடி பார்த்தார்கள். குழாய் பற்றி எழுதவில்லை, பானை என்றுதான் எழுதியிருக்கிறது என்று ஒருத்தி விரல் வைத்துக் காட்டினாள். உங்கள் படிவத்தில் 'வாசித்துப் பொருள் உணர்தல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப ஐந்து கேள்விகள் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கட்டியங்காரன் ஒரு பாடவேளையில் முப்பது கேள்வி கேட்கிறார், ஒரு பிள்ளைக்கும் அது கேள்வி என்றே தெரிவதில்லை. அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைகளே மாறி மாறிக் கட்டியங்காரன் ஆனார்கள். ராஜா வேடத்தைவிட அதற்குத்தான் போட்டி அதிகம்.

நான் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. அவருக்குப் புத்தகம் சரளமாக வாசிக்க வராது. கூத்துப் பாடம் முழுக்கக் கேள்விஞானம். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் மறைக்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு, நீ படிச்சிக் குடுத்தாதான் நான் ஆட முடியும்" என்றார். அதுவரை பிள்ளைகள் வாசித்ததெல்லாம் ஏற்கெனவே விடை தெரிந்த டீச்சருக்காக. முதல் முறையாக, அவர்கள் வாசித்தால்தான் ஒரு மனிதருக்குக் காரியம் நடக்கும் என்ற நிலை வந்தது. அந்த மனிதரைத்தான் வெளிநபர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவரைக் கூப்பிடுவதற்கு முன்பிருந்தே ஒரு வேலை செய்துவருகிறோம். பிள்ளை ஒரு கதை சொல்லும், இரண்டு வரியானாலும் சரி. ஆசிரியை அதை அப்படியே சார்ட்டில் எழுதுவார். மறுநாள் எல்லோரும் சேர்ந்து அதை வாசித்து நடிப்போம். சொன்ன பிள்ளைதான் யாருக்கு எந்த வேடம் என்று பிரிக்கும். இது நான் கண்டுபிடித்ததல்ல. சிகாகோவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி பல ஆண்டுகள் இப்படிச் செய்தார் என்று ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டதிலிருந்து பிடித்துக்கொண்டேன். செங்கல் சூளைக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பிய ஒரு பெண் சொன்ன கதை: "நாங்க சூளைக்குப் போனோம். எங்க நாய் வரல. அது வூட்டப் பாத்துக்கினு இருந்துச்சு." அவ்வளவுதான். அன்று வகுப்பில் நாயாக நடிக்க எட்டுப் பேர் கை தூக்கினார்கள். தான் சொன்னது கறுப்பு எழுத்தாகச் சுவரில் நிற்பதை அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். 'நாய்' அவள் படித்த முதல் சொல்.

"வூட்ட" என்று எழுதிக் காட்டுவது தவறான தமிழைக் கற்பிப்பது ஆகாதா என்று முன்பு ஓர் அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் முதலில் பிள்ளை சொன்னபடி எழுதுவோம். பிறகு ராஜா இதை எப்படிச் சொல்வார் என்று கேட்டு, பக்கத்தில் 'வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது' என்று எழுதுவோம். இதில் எனக்கே முழுத் தெளிவு இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சில பிள்ளைகள் தேர்விலும் 'வூடு' என்று எழுதினார்கள். ஆனால் தன் வாய்ச்சொல் எழுத்தாகும் என்று தெரியாத பிள்ளைக்கு 'வீடு' என்ற எழுத்தும் வெறும் கோடுதான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்றும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் வாடகை உடை, அரிதாரம், மைக் என்று மூன்று வாரத்தைத் தொலைத்தேன். வாய்ச்சாலகமுள்ள நாலு பிள்ளைகளே எல்லா வேடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் மரமாகவும் மலையாகவும் நின்றார்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன், அதில் வாசிப்பு துளியும் இல்லை. அப்படிப்பட்ட நாடகத்தை நீங்கள் நிறுத்தியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கும் ஆண்டுவிழா நாடகம் அதுதான்.

அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா 2022-23-இல் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கிப் பிறகு சின்ன வகுப்புகளுக்கும் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை, பிள்ளைகள் மேடை ஏறட்டும். ஆனால் அது போட்டி. நான் சொல்வது பாடம். பாடவேளைக்குள், பார்வையாளர் இல்லாமல், அட்டையும் பழைய புடவையும் வைத்துக்கொண்டு, வாசிப்பதற்காக நடிப்பது. இரண்டுக்கும் 'நாடகம்' என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த வினையோ என்றுகூட நினைக்கிறேன்.

நீங்கள் அமல்படுத்தும் திட்டமே என் பக்கம்தான் பேசுகிறது. எண்ணும் எழுத்தும் வகுப்பறையில் பாடலுக்கும் கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் களங்கள் வைக்கச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பெயர்ப்பலகைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று சரிபார்த்து டிக் போட்டீர்கள். பலகைக்குக் கீழே பிள்ளைகள் ஆடியபோது கூச்சல் என்று எழுதினீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, செயல்பாடுகள் வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் கற்க வேண்டும், பிள்ளை பயமின்றி இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டம் ஓவியத்துக்கும் கலைக்கும் பகுதிநேர ஆசிரியரை ஆறு முதல் எட்டு வகுப்புக்குத்தான் சொல்கிறது. 2012-இல் தமிழ்நாட்டில் அமர்த்திய பகுதிநேர ஆசிரியர்களும் அந்த வகுப்புகளுக்கே. எழுத்து தொடங்கும் வயதில் கலைக்கு ஆள் கிடையாது. ஈராசிரியர் பள்ளியில் நாங்களாக ஊருக்குள்ளிருந்து ஓர் ஆளைப் பிடித்தோம், அவரையும் வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

ஆய்வு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. என் மகள் தேடித் தந்தாள். 2000-ஆம் ஆண்டில் ஆன் பொட்லோஸ்னி என்பவர் வகுப்பறை நாடகமும் மொழித்திறனும் பற்றிய 80 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார். கதையை நடித்துப் பார்த்த பிள்ளைகள் அந்தக் கதையை மட்டுமல்லாமல், நடிக்காத புதிய கதையையும் மேலாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அதில் வந்த முடிவு. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவள் நான். கலைக்குழு நாடகம் போட்ட தெருவில்தான் மறுநாள் பெண்கள் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். 2021-இல் கொரோனாவுக்குப் பிறகு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கும் கலைக்குழுக்கள்தான் ஊர் ஊராகப் போயின. எழுத்துக்கு ஆள் சேர்க்க நாடகம் ஆகும், சேர்ந்த பிள்ளைக்கு எழுத்தைக் கற்றுக்கொடுக்க மட்டும் ஆகாதா?

வெளிநபர் விஷயத்தில் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு யார் வேண்டுமானாலும் வந்து போக முடியாது. நான் தலைமையாசிரியையாக இருந்தபோது அவர் வருகைக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். ஆசிரியை இல்லாமல் ஒரு நிமிடமும் அவர் வகுப்பில் இருந்ததில்லை. தீர்மான நோட்டை நீங்கள் கேட்டிருந்தால் காட்டியிருப்போம். விதி போதவில்லை என்றால் இன்னும் கடுமையான விதியை எழுதுங்கள், ஏற்கிறோம். கதவை ஒரேயடியாகச் சாத்துவதை ஏற்க முடியாது.

இப்போது நான் கேட்பவை. பதிவேட்டில் எழுதிய குறிப்பை எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாக 'நடத்திக்கொள்ளுங்கள்' என்றால் அந்த ஆசிரியை நம்பமாட்டார், நம்பவும் கூடாது. புதன்கிழமை மூன்றாம் பாடவேளையை இரண்டாம் பருவம் தொடங்கும்போதே 1, 2, 3 வகுப்புகளுக்கு நாடக வழி வாசிப்பு நேரமாகக் கால அட்டவணையில் எழுத அனுமதியுங்கள். அந்த ஆசிரியையிடம் இது குறித்துக் கேட்ட விளக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளூர்க் கலைஞர்களைப் பள்ளிக்கு அழைக்கும் நடைமுறையை ஒரு பக்கத்தில் எழுதி ஒன்றியத்தின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள்: மேலாண்மைக் குழுத் தீர்மானம், காவல் நிலைய நன்னடத்தைச் சான்று, ஆசிரியர் உடனிருத்தல் எல்லாம் இருக்கட்டும். அதில் அவர்களுக்கு ஒரு நாள் கூலிக்குக் குறையாத மதிப்பூதியமும் இருக்கட்டும். எங்கள் பெரியவர் இதுவரை பஸ் காசுகூட வாங்கியதில்லை, அது எங்களுக்குப் பெருமையில்லை.

கடைசியாக ஒன்று. நீங்களே ஒரு புதன்கிழமை வாருங்கள், வாசலில் நிற்காமல் பாயில் வந்து உட்காருங்கள். பிள்ளைகள் இதற்கு முன் பார்த்திராத நான்கு ஓலைகளை நீங்களே எழுதி, உறையில் போட்டு ஒட்டி எடுத்து வாருங்கள். அவர்கள் பிரித்து வாசிக்கட்டும். அதன் பிறகு பதிவேட்டில் என்ன எழுதினாலும் நான் மறு மனு போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை